கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்

டெல்லிக்குத் தமிழாசிரியராக வருகிறவர் கையில் தமிழ்நாட்டில் வாங்கிய பி.எட். இருக்கும். எதிரில் இருப்பதோ வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசுகிற பிள்ளை. எழுத்து என்று அது முதலில் பழகியது தேவநாகரி. இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் பாடம் இல்லை. இதே வகுப்புகளில் இருபது முப்பது வருஷம் நின்ற மூத்தவர்கள்தான் எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'எனக்கு' என்பதை 'ஏனக்கு' என்றும் 'ஒரு' என்பதை 'ஓரு' என்றும் பிள்ளைகள் எழுதுவார்கள். புதிய ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து, பத்து தடவை எழுதிவரச் சொல்வார். பத்து தடவையும் சரியாக எழுதிய பிள்ளை மறுநாள் கட்டுரையில் திரும்பவும் 'ஏனக்கு' என்றே எழுதும். கவனக்குறைவு என்றுதான் நினைக்கத் தோன்றும். மூத்தவர் நோட்டைப் பார்த்ததும் காரணத்தைச் சொல்லிவிடுவார்: இந்தியில் ஏ, ஓ இரண்டும் நெடிலாகவே இருக்கின்றன. குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் அங்கே தனி எழுத்து கிடையாது. சத்தம் பிள்ளையின் வாயில் சரியாகத்தான் இருக்கிறது. அதற்குக் குறிலில் ஒன்று, நெடிலில் ஒன்று என இரண்டு எழுத்து உண்டு என்பதுதான் இன்னும் மனசில் பதியவில்லை.

இதற்கு அவர்கள் காட்டும் வழி, முதலில் காது, பிறகு கை. எடு–ஏடு, கொடு–கோடு, தொடு–தோடு, பெறு–பேறு என்று ஒரு நாளைக்கு ஐந்து ஜோடி. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மேசையில் தட்டுவார்கள். தட்டு தப்பாமல் வந்த பிறகுதான் பென்சிலை எடுக்க வேண்டும். முதல் நாளே எழுத வைத்தால் பார்த்து எழுதுவார்களே தவிர, காது விழிக்காது.

"கடலில் வருகிற கவும் தங்கத்தில் வருகிற கவும் வேற வேற சத்தமாச்சே, ஏன் மிஸ் ஒரே எழுத்து?" என்ற கேள்வியும் டெல்லி வகுப்பில் நிச்சயம் வரும். அங்கே இலக்கணச் சொற்களை இறைக்கக் கூடாது. பலகையில் மூன்று பத்தி போட்டால் போதும்: கடல், பக்கம் ஒன்றில், தங்கம், சங்கு அடுத்ததில், அகல், நகம் மூன்றாவதில். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வலிமை, மெல்லெழுத்துக்குப் பின்னால் மென்மை, நடுவில் தனியாக வந்தால் இன்னும் தளர்வு என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள். தலை, பத்து, பந்து என்று தகரத்துக்கும் அவர்களே நீட்டிக்கொள்வார்கள்.

பலகை விஷயத்தில் மூத்தவர்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. கி எது, கீ எது என்று கடைசி வரிசையில் இருந்து தெரிய வேண்டும். சுழி மறைந்தால் எழுத்தே மாறிவிடும். சாக்பீஸ் கிறீச்சிட்டால் பாதியாக உடைத்துச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். எழுதி முடித்ததும் கடைசி பெஞ்சுக்கு நடந்து போய் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

புதியவரின் வகுப்பைப் பார்க்க அவர்கள் வருவதிலும் ஒரு முறை உண்டு. முந்தின நாளே பத்து நிமிஷம் பேசி, எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒன்றே ஒன்றை முடிவு செய்வார்கள். மறுநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி கட்டம் போட்டு, யாரைக் கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுப்பார்கள். நாற்பது நிமிஷம் முடிந்ததும் தாளே பேசும். முன் பெஞ்சில் கோடுகள் குவிந்திருக்கும், ஓரங்கள் வெறுமையாக இருக்கும். "நல்லா போச்சும்மா. ஜன்னல் பக்கத்து வரிசையைத்தான் இன்னைக்கு யாரும் கூப்பிடலை." அவ்வளவுதான். ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் காதுபடச் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கே, தனியாக, ஒரே ஒரு திருத்தம். பதினைந்து நாளில் அதை மட்டும் பார்க்கத் திரும்ப வருவார்கள். பதினான்கு குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் ஒன்றுகூடத் திருந்தாது. வகுப்பு நடுவில் எழுந்து வந்து தானே பாடம் எடுக்கத் தொடங்கினால், அந்தப் புதியவரைப் பிள்ளைகள் அந்த வருஷம் முழுக்க மதிக்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் மூத்தவர்கள்தான் பழக்கினார்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அது மூன்று வினாடியானால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்றும் அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். இந்தியில் யோசித்துத் தமிழில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அந்த மூன்று வினாடி இன்னும் அவசியம். மனசுக்குள் 'க ங ச ஞ ட ண த ந' என்று நிதானமாகச் சொல்லி முடிப்பதே அதற்குக் கணக்கு.

2016இல் டெல்லி அரசு 200 ஆசிரியர்களை வழிகாட்டி ஆசிரியர்களாக நியமித்தது. ஒருவருக்கு ஐந்தாறு பள்ளிகள். 2020 தேசியக் கல்விக் கொள்கை வருஷத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. இரண்டும் நல்லதே. ஆனால் அரங்கத்தில் கழியும் 50 மணி நேரத்தைவிட, கடைசி பெஞ்சில் ஒருவர் பொறுமையாக உட்காரும் ஐந்து பீரியட் அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அப்படி உட்காருகிறவரே ஆண்டு மதிப்பீட்டையும் எழுதுகிறவராக இருந்துவிடக் கூடாது. இருந்தால், ஏற்கெனவே நடத்தி முடித்த பாடத்தைத்தான் அவர் முன்னால் நடத்திக் காட்டுவோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூத்தவர் ஓய்வு பெறும் நாளில் சால்வையும் மாலையும் போடுங்கள். அதற்கு முன்பே அவருடைய வகுப்பில் நாலு தடவையாவது போய் உட்காருங்கள். பிள்ளைகளின் பிழைகளை வருஷவாரியாகக் குறித்துவைத்த பழைய நோட்டு அவரிடம் இருக்கும். கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் போன் செய்தால் எடுக்கிறார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று நாம் கேட்பதற்குள், "கொடு–கோடு சரியா வந்துருச்சா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.