எந்தக் கம்பெனி தோட்டா?

பிள்ளையைத் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்க்க வரும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "சார், எந்தக் கம்பெனி தோட்டா வாங்கலாம்?" ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் நான், இப்போது வேலூரில் பயிற்சி கொடுக்கிறேன். சொந்த ஊர் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த ஊர் என்பதால் எங்கள் திண்ணைகளில் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அவர்களுக்கு நான் கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. துப்பாக்கியைக் கொண்டுவாருங்கள் என்பேன்.

பட்டாளத்தில் சிப்பாய்க்கு இந்தத் தொல்லை கிடையாது. கொடுத்ததைச் சுட வேண்டியதுதான். கவலையெல்லாம் பழுது பார்ப்பவனுக்கு. இஷாப்பூர் தொழிற்சாலையின் 2ஏ1 ரைஃபிள் பார்வைக்குப் பழைய .303 அங்குல ரைஃபிள் போலவே இருக்கும். ஆனால் அதற்கு உரியது 7.62 மி.மீ. தோட்டா. குண்டின் குறுக்களவான 7.62 என்று மட்டும் சொன்னாலும் போதாது. ராணுவத்தின் எஸ்.எல்.ஆர். ரைஃபிள் தோட்டாவின் கூடு 51 மி.மீ. நீளம், ஏ.கே.47 தோட்டாவின் கூடு 39 மி.மீ. துப்பாக்கியில் பொறித்திருப்பதையும் தோட்டாவின் அடியில் இருப்பதையும் படிக்காமல் உள்ளே எதையும் போடக் கூடாது.

பிள்ளைகள் சுடும் .22 அங்குல ரைஃபிளில் அளவுக் குழப்பம் குறைவு. வேறு வம்பு உண்டு. அதிவேகத் தோட்டாதான் உயர்ந்தது என்று பையன்கள் நம்புகிறார்கள். அது நொடிக்குச் சுமார் 380 மீட்டர் வேகத்தில், ஒலியை முந்திக்கொண்டு கிளம்பும். போகும் வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும். போட்டித் தோட்டா 320, 330 மீட்டரில் தொடக்கத்திலிருந்தே ஒலிக்குக் கீழேதான் பறக்கிறது. 50 மீட்டர் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ.தான். அங்கே வேகத்தைக் காட்டி என்ன பயன்?

விலையும் ஏமாற்றும். ஏலி கம்பெனியின் டெனெக்ஸ் போட்டித் தோட்டா விலையுயர்ந்த, நல்ல சரக்குதான். ஆனால் ஒரு தொகுதி எண் (ஒரே தடவையில் தயாரான சரக்குக்கு இடும் எண்) கொண்ட பெட்டி ஒரு பேரலில், அதாவது துப்பாக்கிக் குழலில், குண்டுகளை ஒரே ஓட்டையாகக் குவிக்கும். அடுத்த தொகுதி அதே பேரலில் சிதறும். பக்கத்துப் பையனின் ரைஃபிளில் இது தலைகீழாகவும் நடக்கும். மாமியார் கைப்பக்குவம் எல்லா மருமகளுக்கும் பிடிக்குமா? எனவே நான்கைந்து தொகுதிகளில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, மணல் மூட்டையில் ரைஃபிளைத் தாங்கவைத்துச் சுட்டுப் பார்க்கிறோம். வகையை மாற்றியதும் முதலில் போகும் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். குண்டின் மேல் உள்ள மெழுகுப் பூச்சு பேரலுக்குள் படிந்த பிறகுதான் உண்மை தெரியும்.

பூச்சு என்றதும், வேலூர்க் கோட்டைக் கலகம் கொழுப்புத் தடவிய தோட்டாவால் வந்தது என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அது 1857 கலகத்தின் கதை. இங்கே 1806இல் சிப்பாய்களைக் கொதிக்கவைத்தது புதிய தலைப்பாகை.

எங்கள் ஊரில் கூடுதலாக ஓர் எதிரி, வெயில். மே மாதம் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் தோட்டாப் பெட்டியை வைத்துக்கொண்டு வருகிறார்கள். சூடேறிய மருந்து வேகமாக எரியும், குண்டு வழக்கமான இடத்தில் விழாது, மெழுகும் இளகிவிடும். பிள்ளை குறி தவறினான் என்று அப்பா திட்டுவார். நான் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஒத்துப்போகும் தொகுதி கிடைத்துவிட்டால், பருவம் முழுவதற்கும் அதையே வாங்கச் சொல்கிறேன். உரிமத்தில் அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான். ஒத்துப்போகாத பெட்டிகளும் வீணாவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் மூச்சை அடக்கி விசையை இழுக்கப் பழக அவை தாராளமாகப் போதும்.