கிராம்புத் தைலம் வடித்து யூஜினால் பிரித்தது: மூன்று ஓட்டங்களின் குறிப்பு

கிராம்பின் மணத்துக்கும் ஈறை மரக்கச் செய்யும் குணத்துக்கும் காரணம் யூஜினால் என்ற சேர்மம். அதன் கொதிநிலை 254 டிகிரி. ஆனாலும் நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே வந்துவிடும். அதனால் வடிப்பது பெரிய வேலையில்லை. வடித்த நீரிலிருந்து எண்ணெயைப் பிரிப்பதில்தான் கையைக் கடிக்கும்.

முதலில் சரக்கு. தைலம் எடுத்த சக்கையை உலர்த்தி மறுபடி விற்பதுண்டு. நல்ல கிராம்பு தண்ணீரில் மூழ்கும், அல்லது செங்குத்தாக நிற்கும். சக்கை படுத்து மிதக்கும். காம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். இங்கே போட்டது புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பு, ஓர் ஓட்டத்துக்கு, அதாவது ஒரு தடவை வடிக்க, 100 கிராம்.

தைலம் வடிக்கும் வாலை என்ற பாத்திரத்துக்குப் பதில் 5 லிட்டர் எவர்சில்வர் குக்கர். வெயிட்டை எடுத்துவிட்டு, ஆவி வரும் முனையில் சிலிகோன் குழாய்த் துண்டு, அதிலிருந்து ஐஸ் தண்ணீர் வாளிக்குள் சுருண்டு இறங்கும் எவர்சில்வர் குழாய். சிலிகோன் துண்டு விரல் நீளத்தைத் தாண்ட வேண்டாம். எண்ணெயைக் குடித்துக்கொள்ளும், பிறகு எத்தனை கழுவினாலும் வாசம் போகாது. குழாயின் மறுமுனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது, தைலம் கறுத்துவிடும்.

ஓட்டம் 1: மிக்சியில் நைசாக அரைத்து 1.2 லிட்டர் தண்ணீரில் போட்டது. பத்தே நிமிடத்தில் நுரை பொங்கி, பழுப்புக் குழம்பு குழாய் வழியே வந்தது. தூள் ஆவி முனையை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், ஆபத்து. அடுப்பை அணைத்துக் கொட்டியாயிற்று.

ஓட்டம் 2: உரலில் ஒன்றிரண்டாக இடித்து, அதே அளவு தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்தது. சிறுதீ. நிமிடத்துக்கு 5 மி.லி. வீதம் இரண்டு மணி நேரத்தில் 600 மி.லி. பால்போல் வெள்ளையாக வடிந்தது. தைலத்தின் அடர்த்தி ஏறக்குறைய 1.05, தண்ணீரைவிடத் துளிதான் கனம். பெரிய துளிகள் அடியில் இறங்கின, மீதி கலங்கலாகவே நின்றது.

தெளிய வைக்கிறேன் என்று 50 கிராம் உப்புப் போட்டதுதான் தப்பு. அந்த அளவு உப்பில் தண்ணீரின் அடர்த்தியும் 1.05 ஆகிவிடுகிறது. எண்ணெய் மேலே வரவும் இல்லை, கீழே போகவும் இல்லை, நடுவில் தொங்கியது. உப்பை 200 கிராமாக ஏற்றியதும் உப்புநீர் 1.19க்குப் போய்விட்டது, தைலம் மொத்தமும் மேலே மிதந்து வந்தது. பிரிபுனலில் (அடியில் திருகு வைத்த புனல்) அடியைத் திறந்து தைலம் வரும் என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போட்டால் நிறையப் போடுங்கள், இல்லையென்றால் போடவே போடாதீர்கள். கிடைத்தது 8 மி.லி.

ஓட்டம் 3: உப்பு இல்லாமல் ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் இறங்கிய தைலத்தை மட்டும் எடுத்தது. மேலே நின்ற கலங்கல் நீரைக் கொட்டக்கூடாது. லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவு யூஜினால் அதில் கரைந்தே இருக்கும். அதை அடுத்த ஈடு கிராம்புக்கு ஊறல் நீராக வைத்துக்கொள்ளலாம். உப்பு போட்ட நீரை இப்படித் திருப்ப முடியாது, அதனால் உப்பு கடைசி ஈட்டுக்கு மட்டும்.

தைலத்தில் யூஜினாலோடு காரியோஃபிலீன், யூஜினைல் அசிட்டேட் என்ற வேறு இரண்டு சேர்மங்களும் உண்டு. யூஜினால் மட்டும் வேண்டுமென்றால்: 10 மி.லி. தைலத்துக்கு 3 கிராம் காஸ்டிக் சோடாவை 60 மி.லி. தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, சேர்த்துக் குலுக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். யூஜினால் உப்பாகிக் கரைந்துவிடும், காரியோஃபிலீன் மேலே தங்கும். கீழ்ப்பகுதியைத் தனியே இறக்கி, மளிகைக் கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 6 கிராமைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், லிட்மஸ் சிவக்கும் கட்டத்தில் யூஜினால் மறுபடி எண்ணெயாகப் பிரியும். இதைச் சூட்டோடு செய்தாலோ, சோடாவில் நெடுநேரம் விட்டாலோ அசிட்டேட்டும் உடைந்து யூஜினாலாகிவிடும். அளவு கூடும், ஆனால் மொக்குக்கே உரிய அந்த இனிப்பு வாசம் போய்விடும். மணத்துக்காக வடிப்பவர்கள் இந்தப் படியைத் தொடாமலிருப்பதே நல்லது.

சேமிப்புக்குப் பழுப்புக் கண்ணாடிக் குப்பி, கழுத்துவரை நிரப்பி. காற்றுப் பட்டால் வெளிர் மஞ்சள் பழுப்பாகும். பாலிஸ்டைரீன் டப்பாவில் ஊற்றினால் டப்பா இளகிவிடும். பல்வலிக்கென்று தைலத்தை அப்படியே ஈறில் வைத்தால் புண்ணாகும், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். குக்கரைச் சமையலுக்குத் திருப்பும் எண்ணம் இருந்தால் கேஸ்கெட்டை மாற்றுங்கள். பழைய கேஸ்கெட்டோடு வைத்த சோறு ஒரு வாரம் பிரியாணிபோல மணக்கும்.