குரூப் 4க்கு எங்க ஊர்ப் பிள்ளைங்க: நாட்குறிப்பு

25.4.2025, வெள்ளி

இன்னைக்கு டிஎன்பிஎஸ்சி, அதாவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தோட குரூப் 4 நோட்டிபிகேஷன் வந்துருச்சு, பத்தாவது பாஸ் பண்ணவங்க எழுதுற அரசு வேலைப் பரீட்சை. மொத்தம் 3,935 இடம், அதுல விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) 215, டைப்பிஸ்ட் மட்டும் ஆயிரத்துக்கு மேல. பரீட்சை ஜூலை 12, அப்ளை பண்ண மே 24 வரைக்கும் டைம். மத்தியானம் சாப்பிடக்கூட போகாம ஆபீஸ்லயே உட்கார்ந்து முழுசா படிச்சேன். 2022ல நான் எழுதுன அதே பரீட்சைதான், அது எழுதப் போய்த்தான் இன்னைக்கு தாலுகா ஆபீஸ்ல இந்த சீட்ல உட்கார்ந்திருக்கேன். போன வருஷம் 20 லட்சம் பேருக்கு மேல அப்ளை பண்ணாங்க, ஆனா எங்க தெருவுல பத்தாவது பாஸ் பண்ண பிள்ளைங்க இருபது பேருக்கு மேல இருந்தும் அப்ளை பண்ணது ரெண்டே பேரு. போட்டி ஜாஸ்தின்னு பயந்து விட்டிருந்தாலும் மனசு ஆறும், இப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் அதுங்ககிட்ட சொல்லல, அதுதான் தாங்க முடியல. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன்.

27.4.2025, ஞாயிறு

பிள்ளையார் கோயில் திண்ணையில ஒன்பது பேரு வந்து உட்கார்ந்தாங்க, அதுல ஆறு பேரு பொண்ணுங்க. எல்லாம் வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுக்கு வேன்ல போயி வர்றவங்க, நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்காம நேரா வந்த பொண்ணும் ஒண்ணு. பிள்ளைங்களைவிட கூட வந்த பெத்தவங்கதான் கேள்வி கேட்டாங்க. மொத கேள்வியே "எத்தன லட்சம் குடுக்கணும் தாயி?" அப்படின்னு ஒரு பெரியப்பா. குரூப் 4க்கு இன்டர்வியூவே கிடையாது பெரியப்பா, 200 கேள்வி, 300 மார்க், மார்க் வரிசைப்படி கூப்பிட்டு சர்டிபிகேட் பார்த்து கவுன்சிலிங்ல இடம் குடுப்பாங்க, நான் அந்தக் கவுன்சிலிங்குக்கு சென்னை பிராட்வேயில டிஎன்பிஎஸ்சி ஆபீஸுக்குப் போனப்போ எங்கம்மா எனக்குக் குடுத்தது பஸ் காசும் ஒரு டப்பா எலுமிச்ச சாதமும்தான், வேற ஒத்த ரூபா யாருக்கும் குடுக்கலன்னு சொன்னேன். அவரு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

இன்னொரு சித்தி, எம்பொண்ணு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சிருக்கா, வேலைக்குக் கூப்பிட்டு கார்டு வரும்னு இருக்கோம்னு சொல்லுது. பத்தாவது மார்க் ஷீட் வாங்கும்போது பள்ளிக்கூடத்துலயே பதிஞ்சு விட்டதை நம்பி நாலு வருஷமா தபால்காரரைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. அது தனி, இது தனி சித்தி, இதுக்கு நாமளாத்தான் அப்ளை பண்ணணும்னு புரிய வைக்கவே அரை மணி நேரம் ஆச்சு. அதே எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல தன்னார்வப் பயிலும் வட்டம்னு காசே வாங்காம கோச்சிங் நடத்துறாங்க, அது இங்க ஒருத்தருக்கும் தெரியல.

பென்ஷனப் பத்தியும் மறைக்காம சொல்லிட்டேன். 1.4.2003க்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்கு பழைய பென்ஷன் இல்ல, சம்பளத்துல பிடிச்சுச் சேர்க்குற திட்டம்தான். ஜூனியர் அசிஸ்டென்ட் அடிப்படைச் சம்பளம் 19,500ல ஆரம்பிக்குது, அதுக்கு மேல டிஏ (அகவிலைப்படி) மத்ததெல்லாம் வரும். ஆசை காட்டி இழுக்கக்கூடாது, உள்ளதைச் சொன்னாலே வருவாங்க.

4.5.2025, ஞாயிறு

அப்ளிகேஷன் நாள். காலைல எட்டு மணிக்கு லேப்டாப்போட உட்கார்ந்தது, முடிக்கும்போது சாயங்காலம் ஆறு. ஓடிஆர்னு ஒருதடவை ரிஜிஸ்டர் பண்றதுக்கு 150 ரூபா, அஞ்சு வருஷம் செல்லும், பரீட்சை பீஸ் தனியா 100 ரூபா, எஸ்சி எஸ்டிக்கு அது கிடையாது. காசு பிரச்சனையே இல்ல, பேருதான் பிரச்சனை. ஒரு பொண்ணுக்கு மார்க் ஷீட்ல ஒரு இனிஷியல், ஆதார்ல வேற, ஜாதி சர்டிபிகேட்ல இனிஷியலே காணோம். இன்னொரு பொண்ணு ரெண்டு வருஷம் முன்னாடியே டவுன்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல ரிஜிஸ்டர் பண்ணிருக்கா, போன் நம்பர், மெயில் எல்லாம் அந்த கடைக்காரரோடது, கடையும் இப்ப இல்ல, ஓடிபி யாருக்குப் போகுதுன்னே தெரியாது. அப்ப அப்ளை பண்ண பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டே எடுக்க முடியாம வீட்ல உட்கார்ந்திருந்துச்சாம் அந்தப் பிள்ள. கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுது.

எல்லாருக்கும் அவங்கவங்க போன்லயே மெயில் ஆரம்பிச்சு, பாஸ்வேர்டை நோட்டுல எழுத வச்சேன். தமிழ் வழியில படிச்சதுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கு, ஒண்ணாவதுல இருந்து தமிழ் மீடியம்னு தலைமையாசிரியர்கிட்ட சர்டிபிகேட் வாங்கணும், அப்ளை பண்ணும்போதே அந்த ஒதுக்கீடு வேணும்னு குறிப்பிட்டுடணும். ஒன்பது பேருமே தமிழ் மீடியம், ஒருத்தருக்கும் இது தெரியல.

24.5.2025, சனி

கடைசி நாள். ஒன்பதுல எட்டு பேரு போட்டாச்சு. பிரவுசிங் சென்டர் பொண்ணோட ஐடிய அலைஞ்சு திரிஞ்சு மீட்டுட்டோம். ஒரு பையன் மட்டும் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான், போன் எடுக்கல.

15.6.2025, ஞாயிறு

ஞாயிறு தோறும் படிக்கிறோம். காசு குடுத்து கைடு வாங்க வேணாம்னு சொல்லிட்டேன், ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடப் புத்தகம்தான் அடித்தளம், வீடு வீடாப் போயி தம்பி தங்கச்சிங்க புத்தகத்தை எல்லாம் சேர்த்தோம். தமிழ்ல 100 கேள்வி, 150 மார்க், அதுல 60 எடுக்கலன்னா மத்த பகுதியைத் திருத்தவே மாட்டாங்க, அதனால தமிழ்தான் மொதல்ல. நைட் ஷிப்ட் பொண்ணு மில்லுல டீ டைம்ல படிக்கிறதுக்கு பிரித்தெழுதுக கேள்விகளை துண்டுப் பேப்பர்ல எழுதி இடுப்புல சொருகிக்கிட்டுப் போகுது. கணக்கு 25 கேள்வியில வட்டி, சதவீதம் எல்லாத்துக்கும் சீட்டுப் பணத்தையும் சங்கத்துக் கடனையும் வச்சு சொன்னா உடனே பிடிச்சுக்கிறாங்க.

12.7.2025, சனி

எட்டுல ஏழு பேரு எழுதிட்டாங்க. ஒன்பது மணிக்கு அப்புறம் உள்ள விடமாட்டாங்கன்னு ஏழரைக்கே சென்டர் வாசல்ல நின்னோம். கருப்பு பேனா ஆளுக்கு ரெண்டு. தெரியாத கேள்விய வெறுமனே விடக்கூடாது, விடை தெரியலங்கிறதுக்கு இருக்குற இ வட்டத்தை நிரப்பணும், இதை நூறு தடவை சொல்லி அனுப்புனேன். மூணு மணி நேரம் வெளிய வேப்பமரத்தடியில அம்மாக்களோட உட்கார்ந்திருந்தேன், நான் எழுதுன அன்னைக்குக்கூட இவ்வளவு படபடப்பு இல்ல. வெளிய வந்ததும் எல்லாரும் சொன்னது தமிழ் ரொம்ப கஷ்டம்னுதான். பிரவுசிங் சென்டர் பொண்ணு மட்டும் சிரிச்சுக்கிட்டே வந்துச்சு, உள்ள போயி எழுதுனதே போதும்க்கான்னு சொல்லுச்சு. போதாது, அதையும் அங்கயே சொல்லிட்டேன்.

வராதது நைட் ஷிப்ட் பொண்ணு. லீவு கேட்டு கிடைக்கல. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன், அந்தத் துண்டுப் பேப்பர் எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில இருந்துச்சு. ஓடிஆர் இன்னும் அஞ்சு வருஷத்துக்கு இருக்கு, வயசும் 19தான். டைப்பிங் முடிச்சா டைப்பிஸ்ட் லிஸ்ட்லயும் வரலாம். டவுன் இன்ஸ்டிடியூட்ல காலைல ஆறு மணி பேட்ச் இருக்காம், நைட் ஷிப்ட் வேன் ஆறேகாலுக்கு இறக்கிவிடுதாம். அந்த கால் மணி நேரத்தை மட்டும் விட்டுக்குடுப்பாங்களான்னு திங்கக்கிழமை போயி கேட்கணும்.