பூ வெச்சா என்ஜினியர் இல்ல, ஆனா போட்டோவுக்கு பூ வேணும்

பாண்டில லாஸ்பேட்டை பக்கம் எங்க கடை. 3டி பிரிண்டிங், சின்ன சின்ன சர்க்யூட் போர்டு வேலை, காலேஜ் ப்ராஜெக்ட் பசங்களுக்கு கை குடுக்கறது, இதான் பொழப்பு. உள்ள வர்றவங்கள்ல பாதி பேர் என்னைப் பாத்ததும் கேக்குற மொதல் கேள்வி "சார் இல்லீங்களா?". நான்தாங்கன்னு சொன்னா தலைல இருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பாப்பாங்க, தப்பான பார்வைன்னு சொல்ல வரல, இது என்ன மாதிரி ஆளுன்னு கணக்கு போடுற பார்வை. சுடிதார்ல இருந்தா ரிசப்ஷன் பொண்ணு. ஜீன்ஸ்ல இருந்தா "தைரியமான பொண்ணுங்க நீங்க". வெள்ளிக்கிழமை தலைக்கு குளிச்சிட்டு மல்லிப்பூ வெச்சிட்டு வந்தேன்னா அன்னிக்கு பூரா யாரும் டெக்னிக்கலா ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க, விலை மட்டும்தான் கேப்பாங்க. ரொம்ப நாளா கவனிச்சிட்டு வரேன், மாறவே இல்ல.

ஆனா கேமரான்னு ஒண்ணு வந்துட்டா அப்படியே தலைகீழா மாறிடும். எங்க கடைல வேலை கத்துக்கிட்ட பொண்ணு ஒருத்தி, அவ காலேஜ் எக்ஸிபிஷனுக்கு ஒரு கன்ட்ரோலர் செஞ்சு வெச்சிருந்தா, மோட்டார் ஓடுறப்ப தண்ணி ஏறலன்னா தானா ஆஃப் ஆயிடும், காயில் புகையாது. ரிலே, சென்சார், ப்ரோக்ராம் எல்லாம் அவளே. போட்டோகிராபர் வந்தாரு. "அந்த ஒயரெல்லாம் அந்தப் பக்கம் தள்ளும்மா, சால்டரிங் அயர்னை கைல புடி, இங்க பாரு, சிரி". அயர்ன் ப்ளக்ல சொருகவே இல்ல. போர்டுல சால்டர் பண்றதுக்கு ஒரு புள்ளி கூட பாக்கி இல்ல, முடிஞ்ச போர்டு. பக்கத்து ஸ்டால் பசங்கள எடுக்குறப்ப மட்டும் அவங்க ரோபோவ க்ளோசப்ல எடுத்தாரு, பசங்க குனிஞ்சு ஸ்க்ரூ முடுக்கிட்டு இருந்தாங்க, முகம் பாதி கூட தெரியல. அந்த போட்டோ போட்ட ஃப்ளெக்ஸ் இன்னும் அந்த காலேஜ் கேட்ல தொங்குது, அதுல அந்தப் பொண்ணு அழகா சிரிக்குது, கன்ட்ரோலர் எங்கன்னு தேடுனாலும் கெடைக்காது.

இத யோசிக்கிறப்பல்லாம் மங்கள்யான் போட்டோதான் ஞாபகம் வரும். 2014 செப்டம்பர் 24, செவ்வாய் கிரகத்தோட சுற்றுப்பாதைல மங்கள்யான் நுழைஞ்ச அன்னிக்கு பெங்களூர் இஸ்ரோல பட்டுப்புடவை கட்டி தலை நெறைய பூ வெச்ச அக்காங்க கட்டிப்புடிச்சு சிரிக்கிற அந்தப் படம். நம்ம வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல கூட "நம் பெண் விஞ்ஞானிகள்"னு வருஷா வருஷம் வரும். அவங்க அங்க நிர்வாகப் பிரிவு ஊழியர்கள்னு இஸ்ரோவே பின்னாடி சொல்லிடுச்சு. அந்த அக்காங்க மேல என்ன தப்பு இருக்கு, அவங்க ஆபீஸ் ஜெயிச்சுது, கொண்டாடுனாங்க. ஆனா அந்த மிஷன்ல நெஜமாவே வேலை பாத்த நந்தினி ஹரிநாத், ரிது கரிதால் ரெண்டு பேரையும் எத்தனை பேருக்கு முகம் பாத்தா தெரியும்? அவ்ளோ ஏன், நம்ம அரியலூர் வளர்மதி, ரிசாட்-1ங்கிற ராடார் செயற்கைக்கோளோட ப்ராஜெக்ட் டைரக்டர், அவங்கள நம்ம ஆளுங்கள்ல பாதி பேர் 2023ல இறந்த செய்தி வந்தப்பதான் மொத மொத பாத்தாங்க. சூரியன ஆராயப் போன ஆதித்யா எல்1 ப்ராஜெக்ட் டைரக்டர் செங்கோட்டை நிகர் ஷாஜி. பரவால்ல, அவங்க முகமாவது டிவில வந்துச்சு.

இங்க பூவும் பட்டும் பாத்து விஞ்ஞானின்னு நம்பிட்டோம். சீனால இதே அளவுகோல் எதிர்ப்பக்கமா வேலை செஞ்சுது. ஷென்சென்ல நவோமி வூன்னு ஒரு மேக்கர், அதாவது தானே கருவிங்க செஞ்சு வீடியோ போடுறவங்க, அவங்க போடுற டிரஸ்ஸ எங்க அம்மா பாத்தா சட்டுன்னு டிவிய ஆஃப் பண்ணிடுவாங்க, அந்த மாதிரி. ஆனா செஞ்ச வேலை? உயரமான ஹீல்ஸ் செருப்ப 3டி பிரிண்ட் பண்ணி, அந்த அடிப்பாகத்துக்குள்ள வைஃபை ரவுட்டர், பூட்டு திறக்குற கருவின்னு செக்யூரிட்டி டெஸ்டிங் சாமான ஒளிச்சு வெச்சாங்க. நானும் பிரிண்டர் வெச்சிருக்கேன், ஒரு ஆள் வெயிட்ட தாங்குற மாதிரி ஒரு ஹீல்ஸ் பிரிண்ட் பண்றது, லேயர் பிரியாம வர்றது, எல்லாம் லேசுப்பட்ட காரியம் இல்ல. 2017 நவம்பர்ல, இந்த மாதிரி மேக்கருங்களுக்குன்னே வர்ற 'மேக்' பத்திரிகையோட நிறுவனர் டேல் டகர்ட்டியே, இவங்க நெஜமான ஆளுதானான்னு பப்ளிக்கா சந்தேகம் கெளப்புனாரு. இப்படி இருக்குற ஒரு பொண்ணு இதெல்லாம் செய்ய முடியாது, பின்னாடி எவனோ ஒருத்தன் இருக்கான்னு ஏற்கெனவே ஓடிட்டு இருந்த பேச்சுக்கு அது தீனி. அப்புறம் மன்னிப்பு கேட்டாரு, 2018ல அதே பத்திரிகை அட்டைல நவோமி வூ வந்தாங்க. அட்டைல வந்தது சந்தோஷம்தான், ஆனா நான் ஒரு ஆளுதான்னு நிரூபிக்க வேண்டிய நெலமை எந்த ஆம்பள மேக்கருக்காவது வந்திருக்கா? பெர்முடாஸ்ல நின்னு வீடியோ போடுற எத்தனை பேர நாம பாக்குறோம்.

அமெரிக்கால எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் விக்கிற அடாஃப்ரூட் கம்பெனி ஆரம்பிச்ச லிமோர் ஃப்ரைட், பிங்க் கலர் தலைமுடி, உதட்டுல வளையம், 2011ல 'வயர்ட்' பத்திரிகை அட்டைல வந்தாங்க. அந்த முடி பத்தி பேசுறவங்கள்ல பாதி பேர் அவங்க டுடோரியல் படிச்சுதான் சென்சார் கனெக்ட் பண்ணவே கத்துக்கிட்டு இருப்பாங்க. நானும் அப்படி கத்துக்கிட்டவதான்.

சரி, அப்ப டிரஸ் பத்தி பேசவே கூடாதான்னா, பேசணும். பட்டறைல டிரஸ் பேசியே ஆகணும். கடலூர் முதுநகர்ல, ஹார்பர் பக்கம், போட்டுக்கு ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கடையுற லேத் பட்டறை ஒண்ணு இருக்கு, எனக்கு ஏதாவது புஷ், ஸ்பேசர் வேணும்னா அங்கதான் போவேன். அந்த அண்ணன் நான் உள்ள நுழைஞ்சதுமே "பாப்பா, பின்னல உள்ள போடு, ஷால வெளிய வெச்சிட்டு வா"ம்பாரு. எனக்கு கோவமே வராது. லேத்துல இரும்ப புடிச்சு சுத்துற சக் போற வேகத்துல ஒரு கத்தை முடி மாட்டுனா கை போட்டு இழுக்க நேரம் கெடையாது. 2011ல அமெரிக்கால யேல் பல்கலைக்கழகத்துல ஒரு மாணவி ராத்திரில தனியா லேத்துல வேலை பாத்து, முடி சிக்கி செத்தே போனா. கிளவுஸ் கூட லேத்துல போடக்கூடாது, கையோட சேத்து இழுத்துடும். வெல்டிங்னா காட்டன் மட்டும், பாலியஸ்டர்ல பொறி பட்டா உருகி தோல்ல ஒட்டும். லித்தியம் பேட்டரி பேக் தொடுறப்ப மோதிரம், மெட்டல் வளையல் எதுவும் வேணாம், ஷார்ட் ஆச்சுன்னா சதையோட வெந்துடும். சால்டரிங்குக்கு முடிய கட்டிட்டு பூ வெச்சுக்கிட்டா ஒரு கேடும் இல்ல.

இதுல என்ன கூத்துன்னா, அந்த அண்ணன் லேத் முன்னாடி நிக்கிறது லுங்கில, கழுத்துல துண்டு. "அண்ணே உங்களுக்கு?"ன்னு கேட்டா "அது என் பேச்ச கேக்கும்"னு சிரிக்கிறாரு.

1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 22ஆம் பிரிவு படிச்சிருக்கீங்களா? ஓடுற மெஷின் கிட்ட போய் ஆயில் போடணும், பெல்ட் மாட்டணும்னா, பயிற்சி எடுத்த வயசு வந்த ஆம்பள தொழிலாளிதான் போகணும், இறுக்கமான உடுப்பு போடணும், அந்த உடுப்ப முதலாளிதான் குடுக்கணும்னு எழுதியிருந்துச்சு. பொம்பளைங்க? ஓடிட்டு இருக்குற மெஷின்ல அடிபடுற ஆபத்து இருக்குன்னா துடைக்க, ஆயில் போட, அட்ஜஸ்ட் பண்ண அனுமதியே இல்லாம இருந்துச்சு. அதாவது ஆம்பள டிரஸ் லூசா இருந்தா நல்ல டிரஸ் குடு, பொம்பள டிரஸ் லூசா இருந்தா பொம்பளைய வெளிய அனுப்பு. அந்த உடுப்பு தைக்கிற டெய்லர் எங்களுக்கும் ரெண்டு செட் தைச்சிருந்தா முடிஞ்சிருக்கும் கதை.

அதுக்கும் முன்னாடி, அ. லலிதான்னு ஒருத்தங்க, 15 வயசுல கல்யாணம், 18ல புருஷன் போயிட்டாரு, கைல பொம்பளப்புள்ள. கைம்பொண்ணு என்ன கட்டணும், தலைல என்ன இருக்கக்கூடாதுன்னு ஊரு முடிவு பண்ண காலம் அது. அவங்க 1940கள்ல கிண்டி என்ஜினியரிங் காலேஜ்ல எலக்ட்ரிக்கல் முடிச்சு, கல்கத்தால வேலைல இருந்து பக்ரா நங்கல் அணை மின்பாதை டிசைன் வரைக்கும் போனாங்க. இந்தியாவோட மொத பெண் எலக்ட்ரிக்கல் என்ஜினியர். அவங்க வேலை பத்தி தேடி படிங்க, நல்லா இருக்கும்.

கடைசியா ஒரு உதவி வேணும். சனிக்கிழமை பட்டறை பழக வர்ற பொண்ணுங்களுக்கு சேஃப்டி ஷூ தேடிட்டு இருக்கேன், நான் ஏறி எறங்குன கடைல எல்லாம் 6ல இருந்துதான் ஆரம்பிக்குது, எங்களுக்கு 4, 5 வேணும். வெல்டிங் கிளவுஸும் அப்படித்தான், போட்டா விரல் நுனில ஒரு இஞ்ச் காலியா தொங்குது, அதோட வெல்டிங் டார்ச்ச புடிக்கவே முடியல. ஒருத்தர் பிங்க் கலர் ஹெல்மெட் காட்டுனாரு, லேடீஸ் மாடலாம், எடுத்து பாத்தா அதே சைஸ், பெயின்ட்தான் வேற. பாண்டி, கடலூர், நெய்வேலி பக்கம் எங்கயாவது சின்ன சைஸ் வெச்சிருக்குற கடை தெரிஞ்சா கமென்ட்ல போடுங்க, கலர் என்னவா இருந்தாலும் சரி.