இரண்டு பேர், ஒரே விலாசம், 12 மாதம்: புதுச்சேரியிலிருந்து இணையராகக் குடிபெயர

புதுச்சேரியில் சேர்ந்து வாழும் தன்பாலின இணையர் வெளிநாட்டுப் பேச்சை எடுத்ததும் எந்த நாடு நல்லது என்றுதான் கேட்கிறார்கள். கனடா பி.ஆருக்கு (நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு) இருவருமாக விண்ணப்பித்து முடித்த நாங்கள் சொல்வது: முதலில் உங்கள் வாடகைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இருவர் பெயரும் இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது? கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் நம் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் திருமண உரிமை கிடைக்கவில்லை. ஆகவே இங்கே யாரும் நமக்குத் திருமணச் சான்றிதழ் தரப்போவதில்லை. சான்றிதழ் இல்லாமலே இணையரை ஏற்கும் நாடுகள் நமக்குச் சுலபம். கனடாவில் 'காமன்-லா பார்ட்னர்' என்றால் 12 மாதம் தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் 'டி ஃபாக்டோ' உறவுக்கும் பெரும்பாலான விசாக்களில் 12 மாதம்தான். பிரிட்டனில் திருமணத்துக்கு நிகரான உறவு 2 ஆண்டு இருந்ததைக் காட்ட வேண்டும். ஆனால் 2024 ஜனவரியிலிருந்து அங்கே சாதாரண முதுகலைப் படிப்புக்குப் போகிறவர் இணையரை உடன் அழைத்துப் போக முடியாது. நெதர்லாந்தும் மணமாகாத இணையரை ஏற்கிறது. அமெரிக்காவில் ஹெச்-4 (ஹெச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) வேண்டுமானால், தன்பாலினத் திருமணம் செல்லுபடியாகும் ஒரு நாட்டில் மணம் முடித்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டி அந்த விசா வாங்க முடியாது. வளைகுடா நாடுகளில் இணையர் விசா என்ற பேச்சுக்கே இடமில்லை, சட்டமும் ஆபத்தானது.

இனி அந்த 12 மாதம். நம் ஊரில் வீட்டுக்காரர்கள் 11 மாதத்துக்குத்தான் பத்திரம் போடுவார்கள். ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. அதனால் ஒரே பத்திரம் ஒருநாளும் போதாது. 2024 ஜூன் 1-இல் தொடங்கிய பத்திரம் 2025 ஏப்ரல் 30-இல் முடிந்தால், அடுத்தது மே 1 தேதியிட்டு இருக்க வேண்டும். "வாடகை அதேதானே, இப்போ எதுக்குப் புதுப் பத்திரம்?" என்று வீட்டுக்காரர் இரண்டு மூன்று மாதம் இழுத்தடிப்பார். கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு அந்த இடைவெளி ஓட்டையாகத்தான் தெரியும். முத்திரைத்தாளை நாமே வாங்கி, டைப் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் நீட்டினால் வேலை முடிந்துவிடும்.

இன்னொரு தவறு இதைவிட மோசம். வீடு கிடைக்க வேண்டுமே என்று "அக்கா தங்கச்சி", "பெரியப்பா பையன்" என்று பத்திரத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பத்திரத்தைப் பின்னால் இணையர் என்பதற்குச் சான்றாக வைக்கவே முடியாது. உறவே எழுதாமல் இரண்டு பெயர், இரண்டு ஆதார் எண் மட்டும் போடுங்கள். வீட்டுக்காரர் வற்புறுத்தினால் 'நண்பர்கள்' போதும். இங்கே அதற்கு மேல் எழுத முடியாத சூழலை விளக்கக் கடிதத்தில் 2023 தீர்ப்பைக் குறிப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

பத்திரத்துக்குத் துணையாக ஆதாரில் இருவரும் விலாசத்தை மாற்றுங்கள். ஆதார் தளத்தில் மாற்றங்களின் வரலாற்றை எடுக்கலாம். எந்தத் தேதியில் இந்த விலாசத்துக்கு வந்தோம் என்பது அதில் பளிச்சென்று இருக்கும். அடுத்தது கூட்டு வங்கிக் கணக்கு. கிளையில் தயங்கினால், 2024 ஆகஸ்ட் 28 அன்று நிதியமைச்சகம் வெளியிட்ட விளக்கத்தின் நகலைக் காட்டுங்கள்: பால்புதுமையினர் (எல்ஜிபிடிக்யூ மக்கள்) கூட்டுக் கணக்கு தொடங்கவும் இணையரை நாமினியாக வைக்கவும் தடை இல்லை. கணக்கைத் தொடங்கிவிட்டு 500 ரூபாயோடு தூங்கவிட்டால் பயனில்லை. வாடகை, மளிகை, கேஸ் எல்லாம் அதிலிருந்து போகட்டும். ஈபி பில் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும்; அதைக் கட்டிய பதிவு நம் கணக்கில் இருந்தால் போதும். வாட்ஸ்அப் உரையாடலை 400 பக்கம் அச்செடுக்காதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். மாதத்துக்கு இரண்டு பக்கம் எடுங்கள். தமிழில் உள்ளதை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் நாமாகவோ நம் குடும்பத்தாராகவோ இருக்கக் கூடாது.

ஒருவர் சென்னையில் வேலை பார்த்து சனி ஞாயிறு மட்டும் ஈசிஆரில் வந்து போகிறார் என்றால், அதைத் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்ததாகக் காட்டுவது கடினம். குறுகிய காலப் பிரிவு பரவாயில்லை. வாரத்தில் ஐந்து நாள் வேறு விலாசம் என்றால் கேள்வி வரும்.

கனடாவுக்கு ஐஎம்எம் 5409 என்ற உறுதிமொழிப் படிவம் வேண்டும். எந்த நாளிலிருந்து சேர்ந்து வாழ்கிறோம் என்று எழுதி, நோட்டரி முன்னால் இருவரும் கையெழுத்திட வேண்டும். "இதையே 20 ரூபாய்ப் பத்திரத்தில் அடிச்சுக் குடுக்கறேன்" என்பார் நோட்டரி. ஒப்புக்கொள்ளாதீர்கள், அவர் கையெழுத்தும் முத்திரையும் அந்தப் படிவத்திலேயே விழ வேண்டும். முதல் நாளே படிவத்தைக் காட்டிப் பேசிவிட்டு, மறுநாள் கையெழுத்துக்குப் போவது நல்லது. படிவத்தில் எழுதும் தேதியும் பத்திரத்தின் தேதியும் ஒத்துப்போக வேண்டும்.

கனடா பி.ஆருக்குப் புள்ளி பார்த்து ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தனியாளுக்கு அடிப்படைப் புள்ளிகள் 500 வரை. இணையர் உடன் வந்தால் முதன்மை விண்ணப்பதாரருக்கு 460, இணையருக்கு 40. ஆகவே இணையரும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். மொழிக்கு மட்டும் 20 புள்ளி இருக்கிறது. யார் முதன்மை என்பதை இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். புள்ளி குறைகிறதே என்று "சிங்கிள்னு போட்டுப் போயிடலாம், அப்புறம் கூப்பிட்டுக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அறிவிக்காமல் விட்ட இணையரைப் பின்னால் குடும்ப வகையில் அழைக்க முடியாதபடி விதி தடுக்கிறது. பொய்த் தகவல் என்று முடிவானால் 5 ஆண்டுத் தடை. சேர்ந்து போகவே இத்தனை பாடு. அந்த ஒரு கட்டத்தில் பொய் விழுந்தால் இருவரும் வருடக்கணக்கில் இரண்டு கண்டங்களில் கிடக்க நேரும்.

பி.ஆருக்கு விண்ணப்பிக்க அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் எல்லாம் ஏற்ற வேண்டும். போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழுக்குக் கட்டணம் 500 ரூபாய்தான், ஆனால் விசாரணை விலாசத்துக்கு வரும். பாஸ்போர்ட்டில் இன்னும் பண்ருட்டியில் அப்பா வீட்டு விலாசம் இருந்தால் காவலர் அங்கே போய்க் கதவைத் தட்டக்கூடும். வீட்டுக்குச் சொல்லாதவர்கள் முன்கூட்டியே விலாசம் மாற்றிப் புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். குடும்பம் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தால், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவின் நகல் கையில் இருக்கட்டும். இருவரும் வயது வந்தவர்கள், விரும்பிச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு துன்புறுத்தாமல் புகாரை முடிக்க வேண்டும் என்கிறது அது.

புதுச்சேரிக்கு மட்டும் இன்னொரு வாசல் உண்டு. சொல்தா குடும்பங்களில் (பிரஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின் குடும்பங்களில்) பிரஞ்சுக் குடியுரிமை உள்ளவர் நிறையப் பேர். இணையரில் ஒருவர் அப்படிப்பட்டவர் என்றால், பிரான்ஸில் 2013-இலிருந்து தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். இங்குள்ள தூதரகம் நமக்குத் திருமணம் நடத்த முடியாது. அதற்கு மாற்றாகப் பிரஞ்சு சிவில் சட்டத்தின் 171-9 பிரிவு இருக்கிறது: இருவரில் ஒருவர் பிறந்த அல்லது கடைசியாக வசித்த பிரஞ்சு ஊரிலோ, பெற்றோரில் ஒருவர் வசிக்கும் ஊரிலோ, அங்குள்ள நகராட்சியில் மணம் முடிக்கலாம். நம் பிறப்புச் சான்றிதழ் 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று நகராட்சி கேட்கக்கூடும். அப்போஸ்தில் முத்திரையும் (வெளிநாட்டில் செல்லுபடியாக இந்திய அரசு போடும் சான்று முத்திரை) பிரஞ்சு மொழிபெயர்ப்பும் சேர்ந்தே வாரங்களை விழுங்கும். அதனால் நகராட்சியில் தேதி பேசிய பிறகு சான்றிதழ் எடுங்கள், முன்னாலேயே எடுத்தால் காலாவதியாகலாம். நகராட்சியில் திருமண அறிவிப்பு ஒட்டி 10 நாள் கழித்துத்தான் திருமணம். பாக்ஸ் (திருமணம் செய்யாமல் இணையராகப் பதிவு செய்யும் பிரஞ்சு ஒப்பந்தம்) போட்டாலே விசா வந்துவிடும் என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம். பாக்ஸ் ஒரு சான்றாகக் கணக்கில் வரும், அவ்வளவுதான். மனைவி அல்லது கணவர் என்ற நீண்ட கால விசாவில் போகிறவர், இறங்கிய 3 மாதத்துக்குள் அதை இணையத்தில் செல்லுபடியாக்க வேண்டும்.