சித்திரை வெயில் இல்லாத ஊரில் மோர் மிளகாய்

மூன்றாம் நாள் காலையில் பால்கனிக்குப் போய்ப் பார்த்தால், மிளகாய் மேல் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை. அரைக் கிலோவையும் குப்பையில் கொட்டும்போது அழுகை வந்துவிட்டது. சாத்தூரில் அம்மா போட்ட மோர் மிளகாய் ஒரு வருடம்கூடக் கெட்டதில்லை. பகலெல்லாம் வெயிலில், ராத்திரி மறுபடி மோரில், நாலைந்து நாளில் சலசலவென்று காய்ந்துவிடும்.

இப்போது நாங்கள் இருக்கும் கோலாலம்பூர் செந்தூலில், பக்கத்து வீட்டு அக்கா மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர். "இங்க உள்ள வெயில நம்பாதம்மா" என்றார். வெயில் சுள்ளென்றுதான் அடிக்கிறது. ஆனால் காற்றில் ஈரப்பதம் எண்பது சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஏற்கெனவே நனைந்திருக்கிற காற்று மிளகாயிலிருந்து எவ்வளவு ஈரத்தைத்தான் வாங்கும்? நாம் வத்தல் போடும் சித்திரையில் இங்கே பிற்பகலானால் இடியும் மழையும்.

அப்புறம்தான் டீஹைட்ரேட்டர் என்கிற உலர்த்தும் மெஷின் வாங்கினோம். ஐந்து தட்டு, பின்னால் ஒரு விசிறி. காற்றைச் சூடாக்கினால் அது இன்னும் ஈரத்தை இழுக்கும், விசிறி அதை வெளியே தள்ளும், அவ்வளவுதான். சீக்கிரம் காயட்டும் என்று முதலில் பாகற்காயை 70 டிகிரியில் வைத்துவிட்டேன். மேலே முறுகி, உள்ளே ஈரம் அடைந்து, பாட்டிலில் ஒரே வாரத்தில் நமுத்துப்போனது. இப்போது காய்களுக்கு 55, கறிவேப்பிலைக்கு 40. அதற்கு மேல் போனால் மணம் போய்விடும். காய்ந்ததை ஆறவிட்டு, கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவுக்குப் போட்டு, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஆவி படிந்தால் மறுபடி மெஷினுக்குள். தட்டைத் திறந்தபடி மறந்துவிட்டால் இந்த ஊர்க் காற்று உடனே பிடித்துக்கொள்ளும்.

மோர் மிளகாயும் வந்துவிட்டது. இரண்டு நாள் உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறல், பிறகு பகலில் மெஷின், ராத்திரி மோர், நான்கு சுற்று. தயிர் சாதத்துக்கு வறுத்ததை வீடியோவில் பார்த்த அம்மா, "நிறம் சரியா இருக்குடி" என்றாள். இனி ஊரிலிருந்து வத்தல் கட்டிவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு கூழ் வத்தல் போட்டேன். மூன்று மணி நேரம் கழித்துத் தட்டை இழுத்தால், மேலே ஏடு கட்டி, அடியில் இன்னும் கூழாக இருந்தது. ஒன்றை உரித்து வாயில் போட்டேன். மொட்டை மாடி, அப்பாவின் பழைய வேட்டி, நாலு மூலையிலும் கல், காக்கா விரட்டக் குடையோடு நானும் தம்பியும். காவலுக்கு இருந்த நாங்களே ஒரு வரிசையைத் தின்று தீர்ப்போம். சாயங்காலம் அம்மா வேட்டியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது எண்ணிப் பார்ப்பாள். உப்பும் சீரகமும் அதே மாதிரிதான் இருந்தன. வெயிலில் சுட்ட அந்த வேட்டியின் வாசனைதான் இல்லை.

மகன் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கும் ஒன்று உரித்துக் கொடுத்தேன். ஐந்து தட்டில் டப்பாவுக்குப் போனது மூன்றுதான்.