மே மாதத்துக்கு இளையோர் நாவல்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலத்தில்தான் பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் வருகிறது. இளையோர் நாவல் படிக்க மே மாதம் அருமையான நேரம். முதல் புத்தகம் 120 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தினம் 20 பக்கம் என்றால் ஆறே நாளில் முடியும். எடுத்த எடுப்பில் தடித்த தொடர்நாவலைக் கொடுத்தால், பாத்திரப் பெயர்களிலேயே தடுமாறி மூடிவைத்துவிடுவார்கள். 50 பக்கம் போயும் மனசு ஒட்டவில்லையா, தயங்காமல் மாற்றுங்கள். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பிள்ளையைத் திட்டாதீர்கள், அதுவும் ஆசைதான்.

கரையோர வீட்டில் புத்தகத்துக்குப் பெரிய தொல்லை கடற்காற்று. உப்பு ஈரத்தை இழுக்கும். தாள் உப்பி, ஓரம் நெளிந்து, முதுகுப் பசை விடும். நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் தாள் சுருண்டு பழுப்பேறும். பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் நிற்கவையுங்கள். செருகிய தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.